ரூபாய் விழுந்தால் யார் தலையில் விழுகிறது?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஓர் அமெரிக்க டாலரின் விலை 90 ரூபாயைத் தாண்டியது. அன்றுவரை ரூபாய் அவ்வளவு தாழ்ந்ததில்லை. உடனே பெரும் பத்திரிகைகளில் எழுதும் பொருளாதார மேதைகள் பழைய பல்லவியைத் தொடங்கிவிட்டார்கள். ரூபாய் விழுந்தால் நம் சரக்கு வெளிநாட்டில் மலிவாகும், ஏற்றுமதி பெருகும், தேசம் கொழிக்கும், ஆகவே ஜனங்கள் கலங்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம்.

ஜனங்கள் கலங்கவும் இல்லை. சாத்தூர்ப் பக்கம் களையெடுக்கும் பெண்ணும், ராஜபாளையத்தில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் ஆலைத் தொழிலாளியும் டாலர் நோட்டைக் கண்ணால் கண்டதில்லை. அது ஏதோ பம்பாய்ப் பெருமுதலாளிகளின் சமாச்சாரம் என்றுதான் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு முதலாளி வர்க்கத்துக்கு மிகவும் சௌகரியமானது. மடியில் கைவைக்கிறவன், மடி வைத்திருப்பவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதைத்தானே விரும்புவான்!

ஆகவே, தோழர்களே, டாலரைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுத் தீப்பெட்டியிலிருந்து தொடங்குவோம்.

தீப்பெட்டிக்குள் எத்தனை தேசங்கள்!

2021 டிசம்பர் 1-ந் தேதி தீப்பெட்டியின் விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆயிற்று. 2007-இல் 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆன பிறகு, 14 வருஷம் கழித்து வந்த மாற்றம் அது. சிவகாசியில் கூடிப் பேசி விலையை ஏற்றிய உற்பத்தியாளர் சங்கங்கள் காரணமும் சொல்லின. சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்கும், மெழுகு 58 ரூபாயிலிருந்து 80 ரூபாய்க்கும் போய்விட்டன. அட்டை, காகிதம், குச்சி, குளோரேட்டு, கந்தகம் எல்லாமே ஏறிவிட்டன என்றார்கள். இந்தக் கணக்கு பொய் என்று நாம் சொல்லவில்லை. சிறிய தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர்கள் பலர் உண்மையிலேயே திணறினார்கள்.

ஆனால் இந்த விலைகள் எங்கிருந்து ஏறி வந்தன? மெழுகு, கச்சா எண்ணெயைச் சுத்தி செய்யும்போது கிடைக்கும் பண்டம். கந்தகமும் இன்று பெரும்பாலும் எண்ணெய், எரிவாயுச் சுத்திகரிப்பில் உபரியாகக் கிடைப்பதுதான். குளோரேட்டுக்கும் பட்டாசில் போகும் வெடியுப்புக்கும் மூலப்பொருள் பொட்டாஷ். உரத்துக்கும் தொழிலுக்கும் நம் தேசத்துக்கு வேண்டிய பொட்டாஷ் கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் ஆகிய தேசங்களிலிருந்து கப்பலில் வருகிறது. மத்தாப்புக்கு வெளிச்சம் தரும் அலுமினியத் தூள் இருக்கிறதே, அந்த அலுமினியத்தின் விலையை லண்டன் உலோகச் சந்தை தீர்மானிக்கிறது. உக்ரைன் யுத்தம் மூண்டபின் 2022 மார்ச்சில் அங்கே ஒரு டன் 4,000 டாலரைத் தொட்டது. எல்லாம் டாலரில் விலை பேசப்படும் சரக்குகள். சிவகாசிக்கு வந்து சேரும்போது டாலர் விலையை ரூபாயால் பெருக்கிக்கொள்கிறார்கள். சரக்கின் விலை ஏறினாலும் அடி. சரக்கு விலை அப்படியே இருந்து ரூபாய் விழுந்தாலும் அடி. இரண்டும் சேர்ந்து வந்தால் இரட்டை அடி.

மெழுகு வியாபாரி தன்மேல் விழுந்த அடியை ஆபீஸ் முதலாளிமேல் தள்ளிவிட்டார். முதலாளி 2 ரூபாய் என்று லேபிளில் அச்சடித்துக் கடைக்காரர்மேல் தள்ளினார். கடைக்காரர் வாங்குபவர்மேல் தள்ளினார். கட்டு ஒட்டும் பெண் யார்மேல் தள்ளுவாள்? அவளிடம் விற்பதற்கு இருப்பது அவளுடைய பகற்பொழுது ஒன்றுதான். அதற்கு விலை அச்சடிக்கும் இயந்திரம் அவள் வீட்டில் இல்லை. போதாக்குறைக்குக் கடையில் தீப்பெட்டி வாங்குபவளும் அவளேதான்!

மிளகாய் ஊரும் அதன் மதிப்பும்

நாணயம் ஏன் ஏறுகிறது, ஏன் விழுகிறது என்பதை மேதைகள் மந்திரம்போல் ஓதுவார்கள். நாம் கரிசல் காட்டுப் பாஷையில் சொல்லிப் பார்ப்போம்.

ஒரு கிராமம். மானாவாரி மிளகாயைத் தவிர வேறு விளைச்சல் இல்லை. அரிசி, எண்ணெய், துணி எல்லாம் விருதுநகரிலிருந்து கடனில் வருகின்றன. கமிஷன் மண்டியில் மிளகாய் நல்ல விலைக்குப் போகும் வருஷம், அந்த ஊர்க்காரர் யார் போனாலும் கடை முதலாளி முகமலர்ச்சியோடு கணக்கில் எழுதிக்கொள்வார். மிளகாய் விலை விழுந்த வருஷம், மிளகாயே போடாத ஊர்த் தையல்காரருக்கும் கடன் கிடையாது. ஊரின் மதிப்பு முழுதும் ஒற்றைச் சரக்கின்மேல் நிற்கிறது. அந்தச் சரக்கின் விலையை நிர்ணயிப்பதோ ஊருக்கு வெளியே!

தேசங்களிலும் இப்படிப்பட்டவை உண்டு. செம்பை நம்பிய சிலி, ஜாம்பியா. எண்ணெயை நம்பிய நைஜீரியா, ரஷ்யா. இரும்புத் தாதுவும் நிலக்கரியும் விற்கும் ஆஸ்திரேலியா. இவற்றின் நாணயங்கள் அந்தந்தச் சரக்கின் விலையோடு ஏறி இறங்குகின்றன. சரக்கு விலை உயர்ந்தால் டாலர் உள்ளே வந்து குவிகிறது, நாணயம் நிமிர்கிறது. விலை விழுந்தால் டாலர் வரத்து வற்றுகிறது, நாணயம் சரிகிறது. 2014-இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது ரஷ்ய ரூபிளும் அந்த ஒரே வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதியாயிற்று.

சரக்கு விலையோடு கதை முடிந்துவிடுவதில்லை. விலை விழப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே ஊக வியாபாரிகள் நாணயத்தை முன்கூட்டி விற்றுத் தள்ளுகிறார்கள். மேகம் கறுத்ததுமே வெள்ளாமை நன்றாக இருக்கும் என்று சொல்லி மிளகாய் விலையை இறக்கும் தரகர்கள் நமக்குத் தெரியாதவர்களா? அமெரிக்கா வட்டியை ஏற்றினால், உலகமெங்கும் லாபம் தேடிப்போன பணம் அங்கே திரும்பி ஓடுகிறது; 2022-இல் அப்படித்தான் ஓடிற்று. டாலரில் வாங்கிய கடன் இன்னும் பொல்லாதது. பணமாக வாங்கி மிளகாய் மூட்டையாகத் திருப்பி அளப்பது மாதிரி அது. மிளகாய் விலை விழ விழ, அளக்க வேண்டிய மூட்டைகள் ஏறிக்கொண்டே போகும்.

நம்முடைய ரூபாய் எந்த ரகம்? எண்ணெய் விற்று நிமிரும் நாணயம் இல்லை, எண்ணெய் வாங்கிக் குனியும் நாணயம். தேவைப்படும் கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் இறக்குமதி. சமையல் எண்ணெயிலும் பாதிக்கு மேல் இறக்குமதி. எண்ணெய் ஏறினால் ரூபாய் தள்ளாடுகிறது. அப்படியானால் எண்ணெய் விலை இறங்கும்போது நமக்கு லாபம் வரவேண்டுமே? 2014 மத்தியில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போயிற்று. லாபம் வரத்தான் செய்தது. 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் பெட்ரோல், டீசல் மீது ஒன்பது முறை எக்சைஸ் வரியை ஏற்றி, அந்த லாபத்தின் பெரும்பகுதியை மத்திய சர்க்கார் கஜானாவில் போட்டுக்கொண்டது! விலை ஏறும்போது உலகச் சந்தையைக் காட்டுகிறார்கள். இறங்கும்போது உலகச் சந்தை என்ற பேச்சே எழுவதில்லை.

கட்டி வைத்தாலும் அடி, அவிழ்த்து விட்டாலும் அடி

நாணயத்தை ஆடவிடாமல் சட்டம் போட்டுக் கட்டிவைத்தால் போதும், ஜனங்கள் தப்பித்துவிடுவார்கள் என்று நம் பக்கத்திலேயே சிலர் எண்ணுகிறார்கள். இலங்கையின் கதையை அவர்கள் கேட்க வேண்டும். அது அசலூர்க் கதை இல்லை. ராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன ஜனங்கள்தான் அங்கே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கினார்கள். ரப்பர்த் தோட்டங்களிலும் பாடுபட்டார்கள். இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை அந்த ராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருந்தது.

1950-களில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் 100-க்குச் சுமார் 90 பங்கு தேயிலை, ரப்பர், தேங்காய் ஆகிய மூன்று சரக்குகளிலிருந்து வந்தது. 1950-இல் கொரியா யுத்தம் மூண்டது; ரப்பர் விலை வானத்துக்கு ஏறியது. யுத்த அவசரம் தணிந்ததும் தலைகுப்புற விழுந்தது. அன்னியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு ஒப்பந்தம் செய்துகொண்டது: வருஷத்துக்கு 50,000 டன் ரப்பர் அங்கே, 2,70,000 டன் அரிசி இங்கே, ஐந்து வருஷத்துக்கு. ரப்பருக்கு உலகச் சந்தையைவிடக் கூடுதல் விலை. அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை மறுத்தது. நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் அந்த ஒப்பந்தமும், கட்டி வைத்த நாணயமும் இருந்தபோதே, நிதி மந்திரி ஜே.ஆர். ஜயவர்த்தனா 1953 ஜூலையில் என்ன செய்தார்? ரேஷன் அரிசியைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த மத்தியான உணவையும் நிறுத்தினார்கள். நாணயத்தின் மதிப்பு ஒரு சதமும் குறையவில்லை. சோற்றுப் பானைதான் குறைந்தது.

அவ்வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி தேசம் ஹர்த்தாலில் எழுந்தது. மந்திரி சபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் போய்க் கூட வேண்டியதாயிற்று! துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா ராஜினாமா செய்தார்.

கட்டி வைத்தால் இப்படி. அவிழ்த்து விட்டால்? அதற்கும் இலங்கையே சாட்சி. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாய் என்று நிர்ணயமாயிற்று. அன்று டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். ஆக, கூலி 5 டாலர். 2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாய்க்குப் போயிற்று. கூலியைக் குறைத்து யாரும் உத்தரவு போடவில்லை. நோட்டீசு ஒட்டவில்லை. ஆனால் 5 டாலராக இருந்த கூலி 2 டாலர் 80 சென்ட்டாகச் சுருங்கிவிட்டது. அதே 2022-இல் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை, இலங்கை ரூபாய்க் கணக்கில், முந்திய வருஷத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. உரச் செலவும் எரிபொருட் செலவும் ஏறின, உரத்தடையால் விளைச்சல் குறைந்தது என்று கம்பெனிகள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. இருந்தும் தேயிலைக்கு டாலர் வருகிறது. ரொட்டி சுடும் கோதுமை மாவும் விளக்குக்கு மண்ணெண்ணெயும் டாலர் விலையில் வருகின்றன. கொழுந்து பறிக்கும் கைக்கு மட்டும் பழைய 1,000 ரூபாய்! அடிப்படைக் கூலி 1,350 ஆனது 2024 செப்டம்பரில்தான். அப்போதும் டாலர் 300 ரூபாய்க் கணக்கில் அது நாலரை டாலர். 2021-இல் இருந்த இடத்துக்குக்கூட வந்து சேரவில்லை.

ஜாம்பியாவிலும் இதே நாடகம். செம்பு விலை வீழ்ந்து கடனில் மாட்டிக்கொண்ட அந்தத் தேசத்தில், 1986 டிசம்பரில் மக்காச்சோள மாவுக்கான மானியத்தை எடுத்தார்கள். செம்புச் சுரங்க நகரங்களில் கலகம் வெடித்தது. சரக்கு எதுவாக இருந்தால் என்ன, நஷ்டத்தைக் கொண்டுபோய் இறக்கும் இடம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஆகவே டாலருக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் விவாதித்துக்கொண்டிருப்பது பாதி விவாதம். நஷ்டத்தை யார் சுமப்பது? இதுதான் மேதைகள் தொடாத மறுபாதி.

விருதுநகர் கண்ட மதிப்புக் குறைப்பு

இந்தியாவிலும் இது நடந்தது. அதில் விருதுநகருக்குத் தனிப் பங்கு உண்டு. 1966 ஜூன் 6-ந் தேதி இந்திரா காந்தியின் சர்க்கார், நிதி மந்திரி சசீந்திர சௌத்ரியின் மூலமாக, ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. முந்திய நாள் 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் மறுநாள் 7 ரூபாய் 50 காசு! 1965 யுத்தத்தின்போது அமெரிக்கா உதவியை நிறுத்தியிருந்தது, மழை பொய்த்துப்போயிருந்தது, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்ற காலம் அது. அந்த நேரம் பார்த்து உலக வங்கியும் அது அனுப்பிய பெல் குழுவும் இந்த மருந்தைக் கொடுத்தன.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. மதிப்பைக் குறைத்த கையோடு தேயிலைக்கும் சணல் சரக்குக்கும் ஏற்றுமதி வரி போட்டார்கள். ஏன்? இத்தகைய சரக்குகளில் ரூபாயை இறக்கினால் வெளிநாட்டான் கூடுதலாக வாங்கிவிடுவதில்லை. குடிக்கிற தேநீரைத்தான் குடிக்கிறான், கொடுக்கிற டாலரை மட்டும் குறைத்துக்கொள்கிறான். "ரூபாய் விழுந்தால் ஏற்றுமதி கொழிக்கும்" என்ற பல்லவி எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது என்பதை 1966-லேயே சர்க்கார் தன் கையாலேயே எழுதி ஒப்புக்கொண்டது என்றுதான் அர்த்தம்.

அப்போது காங்கிரஸ் தலைவர் காமராஜர். விருதுநகரில் பிறந்தவர். மதிப்புக் குறைப்பை அவர் எதிர்த்தார். அவரைக் கலந்துகொண்டு எடுத்த முடிவும் அல்ல அது. எட்டு மாதம் கழித்து, 1967 தேர்தலில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு தி.மு.க. நின்றது. சொந்த ஊரான விருதுநகரிலேயே மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் காமராஜர் 1,285 வாக்கில் தோற்றார். 1965 இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி முதல் அரிசிப் பஞ்சம் வரை தோல்விக்குக் காரணங்கள் பல. நாணயம் ஒன்றையே காரணமாக்குவது சரியாகாது. ஆனால் அரிசி விலை தேர்தலின் நடு மேடைக்கு வந்ததை யாரும் மறுக்க முடியாது. டெல்லியில் தீர்மானம் போட்டவர்களை விட்டுவிட்டு, அதை எதிர்த்தவர் தலையிலும் அது வந்து விழுந்ததுதான் சரித்திரத்தின் குறும்பு.

வாழை இலையும் முள்ளும்

இன்றைக்கு வருவோம். ரூபாய் விழும்போது ஆலை முதலாளி என்ன சொல்கிறார்? அன்னியப் பருத்தியும் உதிரி பாகமும் விலை ஏறிவிட்டன, கூலியைப் பற்றிப் பேசாதீர்கள் என்கிறார். ரூபாய் நிமிர்ந்தால்? நூல் ஏற்றுமதி படுத்துவிட்டது, கூலியைப் பற்றிப் பேசாதீர்கள் என்கிறார். முள்மேல் வாழை இலை விழுந்தாலும் இலைமேல் முள் விழுந்தாலும் கிழிவது இலைதான் என்பார்கள். முதலாளிகள் கேட்டால் சர்க்காரின் காது உடனே திறக்கும். 2025 ஆகஸ்டில் பருத்தி இறக்குமதி மீதிருந்த 11 சதவீத வரியை அந்த வருஷ முடிவு வரை எடுத்துவிட்டார்கள். ஆலைக்கு ஆறுதல். கரிசலில் பருத்தி போட்டவருக்கு? அவர் பருத்தியின் விலை இறங்கினால் முதலில் வெட்டுவது எடுப்புக் கூலியைத்தான். இப்படியாக நாணயக் கணக்கு களத்துமேடு வரைக்கும் வந்துவிடுகிறது.

விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் பாருங்கள். பாமாயில் டின் விலை மலேசியச் சந்தையைப் பார்த்து ஆடுகிறது. அந்தச் சந்தையில் விலை பேசப்படுவது மலேசிய ரிங்கிட்டில். இந்தோனேஷியா 2022 ஏப்ரல் 28-ந் தேதி பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, மே 23-இல் திறந்துவிட்டது. மூன்றரை வாரத் தடை! இங்கே பலகாரக் கடையின் வடைச்சட்டி வரை அதன் சூடு தெரிந்தது. உளுந்து பர்மாவிலிருந்து வருகிறது. மாலுமிக்கும் தரகருக்கும் வங்கிக்கும் டாலரில் கொடுத்து வந்த சரக்கு என்று விலை சொல்கிறார்கள். ஆனால் ரூபாய் விழுவதற்கு முன்பு வாங்கிக் கிட்டங்கியில் அடுக்கிய மூட்டைக்கும் விழுந்த பிறகு வந்த விலைதான். இந்த வித்தையை எந்த மேதையும் தன் சூத்திரத்தில் சேர்ப்பதில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு சிறு தடுப்பணை இருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும், கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் கிடைக்கின்றன. துவரைக்குப் பதிலாகக் கனடா மஞ்சள் பருப்புப் போட்ட காலமும் உண்டு. பலர் முகம் சுளித்தார்கள், நாமும் சுளித்தோம். ஆனால் டாலர் எந்த விலைக்குப் போனாலும் அட்டைக்காரருக்கு அதே 25, அதே 30. நடுவில் உள்ள வித்தியாசத்தைச் சர்க்கார் ஏற்கிறது. 1953-இல் கொழும்பில் கைவைத்தது இந்த இடத்தில்தான். 1986-இல் ஜாம்பியாவில் கைவைத்ததும் இந்த இடத்தில்தான். மானியச் சுமை, வீண் செலவு என்று யாராவது எழுத ஆரம்பித்தால், அவர்கள் எதைக் குறி வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு தடுப்பணை பஞ்சப்படி. விலைவாசிப் புள்ளி ஏறினால் பஞ்சப்படியும் ஏறவேண்டும் என்பது தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற ஏற்பாடு. குறைந்தபட்சக் கூலி உத்தரவுகளிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்கிறவர்களுக்கு? ஆபீசில் சரவெடி பின்னும் பெண்ணுக்கும், வீட்டுத் திண்ணையில் காகிதக் குழாய் உருட்டும் கிழவிக்கும் புள்ளி எந்த வழியாக வந்து சேருகிறது? மெழுகு கிலோவுக்கு 22 ரூபாய் ஏறியது என்று கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஆயிரம் குழாய்க்கு எத்தனை காசு ஏற்றவேண்டும் என்று எழுதத் தெரியாதா? புள்ளியோடு எண்ணிக்கைக் கூலியும் ஏறவேண்டும். வருஷா வருஷம், கெஞ்சாமல், உத்தரவுப்படி ஏறவேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் இதே கணக்குத்தான். பருத்தி எடுப்பவர் வாங்கும் எண்ணெயும் அதே விருதுநகர் டின்னிலிருந்துதானே வருகிறது?

சிறிய ஆபீஸ்காரர் ஒருவர் சொல்லலாம்: எனக்கே கட்டவில்லை, நான் எங்கே கொடுப்பேன் என்று. அவருக்கும் பதில் உண்டு. பொட்டாஷையும் மெழுகையும் மொத்தமாக இறக்கிச் சிறு ஆபீசுகளுக்கு நியாய விலையில் கொடுக்கச் சொல்லி அவர் சர்க்காரிடம் கேட்கட்டும். நாம் அவரோடு நின்று கேட்கிறோம். தொழிலாளியின் கூலியில் அதைப் பிடித்துக்கொள்ளும் யோசனைக்கு மட்டும் நாம் துணை இல்லை.

அடுத்த கூலிப் பேச்சில் மெழுகுச் சீட்டையும் பாஸ்பரஸ் சீட்டையும் அவர்கள் மேஜைமேல் வைப்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் பலசரக்குக் கடைச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில், தீப்பெட்டி 2 ரூபாய் ஆன அன்று, எண்ணெய் என்ன விலை, பருப்பு என்ன விலை, குழாய்க் கூலி எவ்வளவு, இன்று எவ்வளவு? அந்த இரண்டு சீட்டுகளையும் அதே மேஜைமேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவோம்.